கூரிச்சாமியின் குழிமேடு

கூரிச்சாமியைப் பெட்டியில் வைத்து மூக்கன்பொட்டலுக்குக் கொண்டுவந்து இறக்கியது கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற, காக்கை கூட வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடுகிற அந்த வெயிலில், ராணுவ லாரியிலிருந்து பெட்டியை இறக்கிய ஆறு பேரும் பத்தடிக்கு ஒருதரம் தோள் மாற்றினார்கள். பாரம் தாங்காமல் இல்லை, குளிர் தாங்காமல். பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடி விறைத்துப்போய்ப் பலகையாக நின்றது. முதலில் தொட்டுப் பார்த்த அத்தைக்காரி, "ஏத்தா, ஐஸ்பெட்டிக்குள்ளயா வச்சுக் கொண்டாந்திருக்காக?" என்று கேட்டாள். கூட வந்த ஹவில்தார் தேவசகாயம், நாகர்கோவில் பக்கத்து ஆள், "இல்லம்மா, சாதாரணப் பெட்டிதான். அங்க கிடந்த பனி கூடவே வந்திருக்கு. டெல்லியிலயும் உருகல, மதுரையிலயும் உருகல," என்றார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். சாவு வீட்டில் பார்க்கவேண்டிய வேலை ஆயிரம் கிடந்ததால், உருகாத பனியைப் பற்றி அன்றைக்கு யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

கூரிச்சாமிக்கு வயது இருபத்திரண்டு. அவன் ஆத்தா முத்திருளாயி, புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு, கூரிச்சாமியையும் சின்னவன் வழிவிட்டானையும் கரிமூட்டம் போட்டே வளர்த்தவள். அந்த ஊருக்கு வேறு பிழைப்பு கிடையாது. சீமைக்கருவேல மரத்தை வெட்டித் துண்டு போட்டு, ஆள் உயரத்துக்குக் குவியலாக அடுக்கி, தழை போட்டு மூடி, அதன்மேல் ஈர மண்ணை அப்பிப் பூசி, ஒரு துளை வழியாக நெருப்பை உள்ளே விட்டுத் துளையையும் அடைத்துவிடுவார்கள். உள்ளே நெருப்பு எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் நாள்கணக்கில் புழுங்கிப் புழுங்கி மரத்தைக் கரியாக்கும். எங்கேயாவது விரிசல் விட்டுக் காற்று நுழைந்ததோ, போச்சு, அத்தனை மரமும் குப்பென்று பற்றிச் சாம்பலாகிவிடும். அதனால் விரிசல் பார்த்துப் பார்த்து மண் அப்புவதுதான் அங்கே பெரிய வேலை. அது பெண்களின் வேலை. முத்திருளாயி கை வைத்த மூட்டம் விரிசல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனாலும் அவள் கைக்கு அந்தப் பெயர் இருந்தது.

அவள் மகன் பட்டாளத்துக்குப் போன கதையையும் ஊர் கூட்டித்தான் சொல்லும். ஆள் எடுப்புக்கு முதல்தடவை போனபோது குலசாமிக்கு மொட்டை போட்டுவிட்டுப் போனானாம், கால் அங்குலம் உயரம் குறைகிறது என்று அனுப்பிவிட்டார்களாம், ஆறு மாதம் முடி வளர்த்துக்கொண்டு திரும்பப் போய் நின்றானாம், எடுத்துக்கொண்டார்களாம். ஓட்டத்தில் முதலாவதாக வந்ததையும் கயிறு ஏறியதையும் விட்டுவிட்டு, முடியால் தேறினவன் என்று சொல்லிச் சிரிப்பதில் மூக்கன்பொட்டலுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீலகிரியில் பயிற்சி முடித்து, மீசை வைத்து, இரண்டு தடவை லீவில் வந்தான். வந்த இரண்டு தடவையும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்தாளுக்கு மரம் அடுக்கிக் கொடுத்தான். மூன்றாவது லீவுக்கு முன்னால் வடக்கே சண்டை வந்துவிட்டது.

மலையுச்சியில் பனிக்குள்ளே ஒரு காவல் குழி, அதில் ஒன்பது பேர். கரி சுடுகிற ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அடுப்பை அணையாமல் காக்கிற பொறுப்பை அவனிடம் விட்டார்களாம். காற்றில்லாத அந்த உயரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பதினொரு வாரம் அணையவிடாமல் வைத்திருந்தான் என்று தேவசகாயம் சொன்னார். துப்பாக்கியைவிட அந்த அடுப்புதான் எங்களைக் காப்பாற்றியது என்றும் சொன்னார். அவன் கடிதங்களிலும் வீரப்பிரதாபம் ஒன்றும் இருக்காது. எச்சில் துப்பினால் கல்லாக விழுகிறது, பல் விளக்க முடியவில்லை, தம்பியைப் படிக்கச் சொல்லு. கடைசி வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் ஒன்றேதான்: 'ஆத்தா, நம்ம மூட்டத்துப் பக்கத்துல உக்காந்திருக்கணும்போல இருக்கு.' மண்ணெண்ணெய் டின்னைத் தோளில் கட்டிக்கொண்டு மேலே ஏறும்போது குண்டு விழுந்தது. டின் பற்றவில்லையாம்.

கல்யாணம் ஆகாதவனை எரிப்பது அங்கே வழக்கமில்லை. ஊருக்கு வடக்கே பொட்டலில் குழி வெட்டி, மூன்று தரம் வானத்தைப் பார்த்துச் சுட்டு, பெட்டியை இறக்கினார்கள். மூட்டமானாலும் குழிமேடானாலும் மண் பூசுவது பெண்கள் என்பதால் முத்திருளாயிதான் பூசினாள். அழுதுகொண்டே தழை பரப்பினாள், அழுதுகொண்டே ஈர மண்ணை அப்பினாள், உள்ளங்கையால் வழித்து வழித்து முட்டை ஓடு போல வழுவழுப்பாக்கினாள். "எம்புட்டு அழகா மூடியிருக்கா பாரு," என்று பின்னால் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பொட்டல் வெயிலுக்கு மண் வெடிக்கும், நாய் மோப்பம் பிடித்துத் தோண்டும் என்ற பயத்தில் அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு வாளி குழைத்த மண்ணோடு போய், மேட்டைச் சுற்றி வந்து, விரிசல் கண்ட இடத்தில் அப்பிவிட்டு வந்தாள். செத்த பிள்ளைக்குச் செய்ய அவளுக்கு வேறென்ன இருந்தது?

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது மேட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு என்றார்கள். ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லை, சப்பென்று இருக்கிறது, பல் கூசுகிறது என்றார். மறுநாள் ஒரு சாண், அடுத்த நாள் ஒரு முழம். நூறு டிகிரி வெயிலில், கள்ளிச்செடிக்கு நடுவே, பனி கிடந்தது.

மூக்கன்பொட்டலின் குணம் என்னவென்றால், எதையும் ஒரு வாரத்துக்குமேல் அதிசயமாக வைத்திருக்கத் தெரியாது. எட்டாம் நாள் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரி கூடைக்கு அடியில் அந்தப் பனியைப் பரப்பி, நண்பகல் வரைக்கும் கண் சிவக்காத மீன் விற்றாள். சோடாக் கடைக்காரர் அதில் பாட்டிலைப் புதைத்து வைத்தார். வேர்க்குரு வந்த குழந்தைகளின் முதுகில் தேய்த்தார்கள், காய்ச்சல் கண்டவர் நெற்றியில் வைத்தார்கள், ஒரு கல்யாணத்தில் வந்தவர் அத்தனை பேருக்கும் ரோஸ்மில்க் கொடுத்து, சம்பந்தி வீட்டாரை வாயடைக்க வைத்தார்கள். தாசில்தார் வந்து ஒரு பிளாஸ்கில் அள்ளிக்கொண்டு போனார். ஊர் எல்லையைத் தாண்டியதும் அது தண்ணீராகிவிட்டதால், தண்ணீர் என்றே எழுதிக் கோப்பை மூடினார். ஊர்ப் பெரியவர் சாத்தையா அம்பலம், இது சாமி வந்த இடம், பேர் பனிக்கூரி என்று தீர்மானம் பண்ணி, கீற்றுப் பந்தல் போட்டு உண்டியலும் வைத்தார். வெளியூர்ப் பஸ்கள் நின்றன. முத்திருளாயியைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவும் செய்தது, அதை மறைப்பானேன்.

ஆடி பிறந்தபோது பனி ஒரு பக்கமாக நீண்டது. அதுவரை வட்டமாகக் கிடந்த பனி, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதையாக, ஊரைப் பார்த்து, தெரு முனை திரும்பி, பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. பஞ்சவர்ணம் முத்திருளாயிக்கு நாத்தனார் முறை. "சாமி எங்க வீட்டைத் தேடி வந்திருக்கு மதினி," என்று வாசலில் கோலம் போட்டு விளக்கேற்றினாள். அவள் மகன் சேதுவுக்கு அன்றிலிருந்து வேர்க்கவில்லை. தீ மூட்டுகிற இடத்தில், மற்றவர்கள் தொப்பலாக நனைந்து நிற்க, சட்டைப் பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டு உலர்ந்த முகத்தோடு நின்றான். பேச்சுக் குறைந்தது. உட்கார்ந்தால் வடக்கே பார்த்து உட்கார்ந்தான். ஒன்பதாம் நாள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆள் எடுப்புக்குப் போனான். மார்பு அளவு, ஓட்டம், கண், எதிலும் ஒரு குறை இல்லாமல் தேறிவிட்டான். பாதை வாசலை விட்டுக் கிளம்பி அடுத்த வீட்டைத் தேடிப் போயிற்று.

இப்படியே ஆறு வீடு, ஆறு பிள்ளைகள். வடக்கே சண்டை ஓய்ந்தபாடில்லை, ஆனாலும் ஊர் கவலைப்படவில்லை. ஒவ்வொரு பையனுக்கும் மாலை போட்டு மேளம் கொட்டி பஸ் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கொரு வீரன் என்று ரோட்டோரம் பலகை எழுதி வைத்தார் அம்பலம். பனி எந்த வீட்டுக்கு வரும் என்று டீக்கடையில் பந்தயம் நடந்தது. வராத வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் அந்த ஆறு பேரின் கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பஞ்சவர்ணம் தன்னுடையதை எடுத்துக்கொண்டு முத்திருளாயி வீட்டுக்கு வந்தாள், வழிவிட்டான் வாசித்தான். சாப்பாடு பரவாயில்லை, பயிற்சி முடிந்ததும் மேலே அனுப்புகிறார்கள், மாட்டைப் பார்த்துக்கொள். அப்புறம் கடைசி வரி. "'ஆத்தா, நம்ம மூட்டத்துப் பக்கத்துல உக்காந்திருக்கணும்போல இருக்கு.'"

முத்திருளாயிக்கு அரைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மற்ற ஐந்து வீட்டுக்கும் நடந்தாள். ஐந்திலும் அதே வரி. "ஒரே ஊர்ப் பிள்ளைக, ஒரே மாதிரிதான நெனைக்கும்? இதுல என்னத்தா இருக்கு?" என்று அந்த வீட்டுக்காரர்கள் அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பியபோது, பனிப்பாதை அவள் தெருவுக்குள் நுழைந்து இரண்டு வீடு தள்ளி நின்றது.

அன்று தொடங்கிய பயம் அவளை அப்புறம் விடவே இல்லை. மூத்தவனைக் கொடுத்தாயிற்று, மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன். விளக்குமாற்றால் பனியைத் தெரு முனைவரைக்கும் தள்ளினாள்; விடிந்தால் ஒரு முழம் கூடி வந்திருந்தது. கொதிக்கிற சாம்பலைக் கொட்டினாள், சாம்பல் குளிர்ந்தது. திருப்பூருக்குப் போய் மாமன்கூட வேலை பார் என்று அவனைப் பஸ் ஏற்றினாள். அருப்புக்கோட்டையில் இறங்கி நடந்தே திரும்பி வந்துவிட்டான், ஏன் வந்தாய் என்றால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. தினமும் சோறு போடும்போது அவன் பிடரியில் கை வைத்துப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். "என்னாத்தா, மாட்டுக்குப் பாக்கிற மாதிரி பாக்கிற?" என்று கிண்டல் பண்ணுவான். பனி வாசல்படியைத் தொட்ட மூன்றாம் நாள், எரிகிற மூட்டத்தின் அருகிலிருந்து அவன் சாப்பிட வந்தபோது, பிடரி உலர்ந்து கிடந்தது. அவன் கிண்டல் பண்ணவில்லை. தட்டை வடக்குப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

சேதுவைப் போல இவனுக்கும் ஒன்பது நாள்தான் கெடு; அதில் எட்டு நாள் அவள் எல்லாச் சாமியையும் கும்பிட்டாள், திட்டினாள். ஒன்பதாம் நாள் காலை, வழக்கம்போல வாளியோடு பொட்டலுக்குப் போனாள். குழிமேட்டின் தலைமாட்டில் நூல் போல ஒரு விரிசல். மண்ணை எடுத்து அப்பி, உள்ளங்கையால் வழித்தபோது, கை தன்பாட்டுக்கு வழித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாக அந்தக் கை என்ன செய்ததோ அதையேதான் இங்கேயும் செய்திருந்தது. தழை, ஈர மண், வழவழப்பு, தினம் தினம் விரிசலடைப்பு. நெருப்புக்குப் பதிலாக அந்த மலையின் குளிரை உள்ளே வைத்து மூடியிருக்கிறாள். எரியவும் விடாமல் அணையவும் விடாமல் நாலரை மாதமாக அதைக் காபந்து பண்ணிக்கொண்டிருப்பது வேறு யாருமில்லை.

"பாவி, நாந்தான்," என்று சத்தமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள். வழிவிட்டான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் பந்தலைத் தாண்டி மேட்டின்மேல் ஏறி நின்றபோது உச்சிவெயில். முதல் வெட்டு விழுந்ததும் உண்டியல் பக்கத்தில் படுத்திருந்தவர் அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிட்டது.

"இந்தா, முத்திருளாயி! புத்தி கெட்டுப்போச்சா? சாமியத் தோண்டுற!" என்றார் சாத்தையா அம்பலம்.

"சாமியில்ல அய்யா. எம் பிள்ள."

"ஊருக்கே பெருமை தேடிக் குடுத்திருக்கான். கல்லுக்கட்டடமாக் கோயில் எழுப்ப ஆள் பேசியாச்சு. கலைச்சிட்டீன்னா வருமா?"

"மூட்டம் போட்டவ நானு. பிரிக்கிறதும் நாந்தான். இது நம்ம ஊரு வழக்கம், அம்பலகாரருக்குத் தெரியாததில்ல."

ஒருத்தி போட்ட மூட்டத்தில் இன்னொருத்தர் கை வைப்பது அங்கே நடக்காத காரியம்; தடுக்க வந்த இளவட்டங்கள் மேட்டைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவள் வெட்டினாள். வெட்ட வெட்டக் குளிர் ஏறி, அவள் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது, விரல்கள் நீலம் பாரித்தன. மண்வெட்டி பலகையில் மோதியது. மூடியை நெம்பித் திறந்தாள்.

கூரிச்சாமி அப்படியே இருந்தான். மீசையில் வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது, இமையிலும் கொஞ்சம். லீவில் வந்து கயிற்றுக்கட்டிலில் தூங்குகிறவன் முகம்தான், ஒரு கீறல் கிடையாது. கூட்டம் "பனிக்கூரி!" என்று குரல் கொடுத்தது, பெண்கள் குலவையிட்டார்கள், அம்பலமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை அவள் பார்த்தாள். மூடிவிட்டால் இந்த முகம் இப்படியே இருக்கும், பத்து வருஷம், இருபது வருஷம், அவள் செத்த பிறகும் இருக்கும். நினைத்தபோது வந்து ஒரு ஓரம் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆசை அவள் கையைப் பிடித்து இழுத்தது. மூடியை எடுக்கக் குனிந்தேவிட்டாள். குனிந்தபோதுதான் போர்வை விலகி, மார்புக்குக் கீழே அவனில் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. துணியைச் சுருட்டி ஆள் நீளத்துக்கு அடைத்திருந்தார்கள்.

மூடியைத் தூக்கித் தூரப் போட்டாள். பெட்டியருகே குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் குழிக்குள் இறங்கியது. முதலில் மீசை நனைந்தது, அப்புறம் இமை. நாலரை மாதம் வராதது அத்தனையும் ஒரே பகலில் அவன்மேல் வந்தது. கன்னம் தளர்ந்தது, நிறம் மாறியது, வயிறு இருக்கவேண்டிய இடத்திலிருந்து நீர் கசிந்தது. ஈ வந்தது. பிறகு வாடை. குலவையிட்டவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள், அம்பலம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பந்தலுக்குப் போனார், பந்தலிலும் நிற்க முடியாமல் ஊருக்குப் போனார். தெருவில் கிடந்த பனியெல்லாம் சேறாகி, அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். "மண்ணப் போட்டு மூடித்தொலையேன்!" என்று யாரோ தூரத்திலிருந்து கத்தினார்கள். அவள் மூடவில்லை. உள்ளே ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் அது திரும்பக் கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும்.

பையோடு வந்த வழிவிட்டான் குழி விளிம்பில் நின்று அண்ணனைப் பார்த்தான். கையிலிருந்த பை நழுவி விழுந்தது. மண்டிபோட்டு வாந்தியெடுத்தான், எடுத்து எடுத்து வெறும் நீராக வந்தது. "போதும் ஆத்தா, எந்திரி, போதும்," என்று அவளைத் தூக்க வந்தபோது, அவன் முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் தோளில் விழுந்தது. பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். நனைந்திருந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மற்ற எல்லோரும் போன பிறகு, பஞ்சவர்ணம் வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தாள், முகத்தை, மார்பை, சுருட்டி வைத்த துணியை.

"மதினி, சேதுவுக்கு இனி வேர்க்குமா?" என்றாள்.

"தெரியல மதினி. அங்க போனவுகளுக்கு என்னன்னு எனக்குத் தெரியல."

பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பிள்ளைகளின் ஆத்தாமாரும் வந்தார்கள், ஒருத்தி தன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள், ஒருத்தி பிள்ளைக்குப் போட்ட மாலையின் நாரைக் கூட இன்னும் அவிழ்க்காமல் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். யாரும் முத்திருளாயியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இடம் இருந்த பக்கமெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை, முந்தானையால் அவன்மேல் ஈ உட்காராமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.